லீக்ஸ் பாத்தியில் இருதலைப் பாம்பு: மாமியார் சொல்வது உண்மையா?

டிக்கோயா மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) பின்னால் லீக்ஸ் பாத்தி கொத்தும்போது மண்வெட்டியோடு ஒரு பாம்பு மேலே வந்தது. நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. கறுப்பு, வழவழவென்று இருந்தது. வால் கூராக இல்லாமல், வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக இருந்தது. மாமியார் "இருதலைப் பாம்பு!" என்று கத்திக்கொண்டே அதை இரண்டாக்கிவிட்டார்.

என் நாலு வயது மகன் அப்போது வெறுங்காலோடு பக்கத்தில் நின்றான். அது காலை நக்கியிருந்தால் உடம்பெல்லாம் வெள்ளை விழும் என்கிறார் மாமியார். பக்கத்துக் காம்பரா அப்பாயியோ, ஜோடிப் பாம்பு பழிவாங்கத் தேடி வரும், வெள்ளிக்கிழமை புற்றுக்குப் பால் ஊற்று என்கிறார். வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலை. போனில் சொன்னால் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் காலை தினமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

இன்னொன்று, அது பெரிய விஷயமில்லை. கக்கூஸுக்குப் போகும் படியில் சருகு நிறத்தில் ஒரு கட்டையான பாம்பு இரண்டு நாளாகச் சுருண்டு கிடந்தது. ஒரு முழம்கூட இராது, மூக்கு நுனி மட்டும் மேலே தூக்கியிருந்தது. குட்டிதானே என்று விளக்குமாற்றால் பக்கத்துக் கானுக்குள் (சாக்கடைக்குள்) தள்ளிவிட்டேன்.

பழைய மருந்துக்காரன்:

மகள், நீங்கள் பெரிதாக நினைத்தது ஒன்றுமில்லை. கடைசியில் "பெரிய விஷயமில்லை" என்று எழுதினீர்களே, அதை வாசித்தபோதுதான் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் 26 வருடம் மருந்து கட்டியவன்.

முதலில் பாத்தியில் வந்தது. நீங்கள் சொல்லும் வாலைப் பார்த்தால் அது மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு. மண்புழு தின்னும். மனிதனைக் கடிக்கத் தெரியாது. துளைக்குள் போகும்போது அந்த மொட்டை வாலில் மண் அப்பிக்கொண்டு பின்பக்கத்தை அடைத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிவதால் இருதலை என்று பெயர் வந்தது. தலை ஒன்றுதான். இந்தக் குடும்பம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. அதைத்தான் மாமியார் இரண்டாக்கிவிட்டார், பாவம்.

நக்கினால் வெள்ளை விழும் என்பது கதை. எங்கள் டிஸ்பென்சரிக்கு "பாம்பு நக்கியது" என்று வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தேமல், அதாவது பூஞ்சை. குஷ்டமோ என்று பயப்படுவார்கள், அதுவும் கிருமியால் வருகிறது. அதற்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜோடியும் வராது. பாம்புகள் குடும்பம் நடத்துவதில்லை, முகத்தை நினைவில் வைப்பதுமில்லை. சாரையும் நாகமும் பின்னிக்கொண்டு ஆடுவதைப் பார்த்தேன் என்று சொல்வார்கள் அல்லவா? அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம். சாரை மாட்டின் மடியில் பால் குடிக்கும் என்பதும் அப்படித்தான். உள்நோக்கி வளைந்த பல்லை வைத்துக்கொண்டு அதனால் சப்ப முடியாது, மாடும் சும்மா நிற்காது. மாட்டுப்பட்டியில் எலி இருக்கிறது, அதனால் சாரை வருகிறது, அவ்வளவுதான்.

சரி, படியில் கிடந்தது. சருகு நிறம், தூக்கிய மூக்கு, தள்ளினாலொழிய அசையாத சோம்பல். சிங்களவர்கள் குணகட்டுவா என்பார்கள். விரியன் வகை. இலங்கையில் விஷப்பாம்புக் கடிகளில் மிக அதிகம் இதனுடையது. நம் மலையில் நாகத்துக்கு ஆயிரம் கதை உண்டு, கொம்பேறி மூக்கன் சுடுகாட்டுப் புகையைப் பார்க்க மரம் ஏறும் என்றுகூட ஒரு கதை உண்டு. குணகட்டுவாவுக்கு ஒரு கதையும் கிடையாது. கதை இல்லாததால் பயமும் இல்லை. அதனால்தான் விளக்குமாற்றால் தள்ளுகிறோம்.

ஹட்டன் த்ரீவீல்:

ஐயா சொல்வது சரி. போன வருடம் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவரை என் வண்டியில்தான் கொண்டுபோனேன். விரலில்தான் கடி. முழங்கைக்கு மேலே நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். போய்ச் சேரும்போது கை நீலமாகிவிட்டது. கட்டுவதா, கட்டாமல் விடுவதா?

பழைய மருந்துக்காரன்:

கட்டாதே தம்பி. கீறாதே, உறிஞ்சாதே. மோதிரம், வளையலைக் கழற்று, வீங்கினால் பிறகு வராது. கடிபட்ட கை காலை அசைக்காமல் கட்டையோடு சேர்த்து லேசாகக் கட்டி ஆஸ்பத்திரிக்கு எடு. 1990 அடித்தால் அம்புலன்ஸ் இலவசம். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், தூரத்திலிருந்து போனில் படம் எடுத்தால் போதும்.

லிந்துலை வாசி:

எல்லாம் கதை என்று ஒதுக்காதீர்கள். எங்கள் அம்மாயியை விஷக்கல் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். கல் தானாக ஒட்டி, விஷத்தை இழுத்துவிட்டுத் தானாக விழுந்தது. நானே பார்த்தேன்.

பழைய மருந்துக்காரன்:

நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. ஈரக் காயத்தில் எந்தத் துளையுள்ள கல்லும் ஒட்டும், காய்ந்தால் விழும். கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப்பாம்பே கடித்தாலும் சிலசமயம் விஷம் இறங்காது. பெயர் கல்லுக்குப் போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு கவ்வாத்துக்காரர் குணகட்டுவா கடிக்குக் கல் வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். வீக்கம் வற்றியது. மூன்றாம் நாள் மூத்திரம் குறைந்துவிட்டது. கண்டிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. பலருக்கு வீக்கத்தோடும் கொப்புளத்தோடும் போய்விடும், சிலருக்குத்தான் சிறுநீரகத்தைப் பிடிக்கும். அந்தச் சிலர் யார் என்று முதல் நாளில் தெரியாது.

இன்னொரு கதையையும் உடைக்க வேண்டும்: "ஊசி போட்டால் சரியாகிவிடும்." இங்கே போடும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்காகச் செய்தது. குணகட்டுவா அதில் இல்லை. அதனால்தான் டாக்டர் ஊசி போடாமல் வார்ட்டில் வைத்துக்கொள்கிறார். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார், மூத்திரத்தை அளப்பார். "ஒன்றும் செய்யவில்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வராதீர்கள்.

டிக்கோயா மருமகள்:

ஐயா, வாசித்ததும் படியைச் சுற்றியிருந்த சருகைக் கூட்டி எடுத்தேன், நீளக் காம்பு விளக்குமாற்றால்தான். விறகை இஸ்தோப்பிலிருந்து (திண்ணையிலிருந்து) தள்ளி, கல் மேல் அடுக்கினேன். மகனுக்குச் செருப்புப் போடாமல் கக்கூஸ் கிடையாது என்று சட்டம். வெள்ளிக்கிழமை மாமியார் பால் ஊற்றத்தான் போகிறார், அதற்கு நான் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் நான் தள்ளிவிட்டது அந்தக் கானில்தான் இன்னும் இருக்குமா?

பழைய மருந்துக்காரன்:

இருக்கும். தூரம் போகிற பிராணி இல்லை அது. பொழுது சாய்ந்தால் டோர்ச் இல்லாமல் அந்தப் பக்கம் இறங்க வேண்டாம். மாமியாரிடமும் ஒரு டோர்ச்சைக் கொடுத்து அனுப்புங்கள், புற்றுக்குப் போகும் வழியும் அந்தக் கானோரம்தானே?