1806 வேலூர்க் கோட்டை நாவல்: காதலும் சாமியும் ஏன் ஒட்டவில்லை?

அகழிக்கரை (கேள்வி):
1806 சிப்பாய்ப் புரட்சியை வைத்து நாவல் எழுதுகிறேன். நாயகன் சிப்பாய், நாயகி திப்புவின் மகள் கல்யாணத்துக்கு வந்த அரண்மனைப் பெண். கல்யாணத்தன்று இரவு, பௌர்ணமி நிலவில், பாலாற்றுப் பரிசலில் சந்திக்கிறார்கள். ஒரு வெள்ளை அதிகாரி அவளை அவமானப்படுத்த, இவன் துப்பாக்கியைத் தூக்க, புரட்சி வெடிக்கிறது. கூடவே ஒரு மாய இழை: கோட்டைக்குள் கோயில் கொண்ட சிவன் ஜலகண்டேஸ்வரர் அகழித் தண்ணீரிலிருந்து எழுந்து அவனுக்கு உபதேசம் செய்வார். படித்தவர்கள் காதல் ஒட்டவில்லை, சாமி வரும் இடம் பிரசங்கம் என்கிறார்கள். எங்கே தப்பு?

பழைய பஞ்சாங்கம்:
முதலில் அந்த நிலாவைக் கீழே இறக்குங்க தம்பி. 1806 ஜூன் 16 சூரிய கிரகணம், அப்படின்னா அன்று அமாவாசை. கல்யாணம் ஜூலை 9. கணக்குப் போட்டால் தேய்பிறை. பாதி நிலாதான், அதுவும் நள்ளிரவுக்கு மேல்தான் கிழக்கே எட்டிப் பார்க்கும். அட்சய வருடம், ஆனிக் கடைசி. பாலாற்றில் பரிசல் எங்கே ஓடும்? மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு ஊற்றும் காலம் அது. கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு நாள் அந்த ஊற்றடியிலேயே சந்திக்க வையுங்க. தண்ணீர் சுரக்கும்வரை காத்திருந்துதான் ஆகணும், பேச்சுக்குச் சாக்கு தேட வேண்டாம்.

அரண்மனைப் பெண்ணும் சரிவராது. மகாலுக்குள் இருக்கும் பெண்ணைச் சாதாரணச் சிப்பாய் எங்கே பார்த்தான்? பூக்காரியாக மாற்றுங்க. கல்யாணத்துக்குக் கூடை கூடையாகப் பூ உள்ளே போகும், பகலில் வாசல் தாண்ட அவளுக்கு வழி உண்டு. குடும்பம் உள்ள சிப்பாய்கள் கோட்டைக்கு வெளியே குடிசைகளில்தான் இருந்தாங்க. 10ஆம் தேதி விடியலில் கவாத்து (அணிவகுப்புப் பயிற்சி) இருந்ததால்தான் முந்தின இரவு உள்ளேயே படுக்கச் சொன்னாங்க. பிரிவுக்கு அந்த ஒரு உத்தரவு போதும், வில்லன் எதற்கு?

பெரிய தப்பு, புரட்சிக்குக் காதலைக் காரணமாக்கியது. 1805 நவம்பரில் தோல் குஞ்சம் வைத்த, தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை வந்தது. தொடர்ந்து, சீருடையில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்கணும் என்று விதிகள். சிப்பாய்கள் கொதித்தது அதற்கு. உங்கள் காதல் அந்தக் கொதிப்பை மூட்டக் கூடாது, அதில் வேகணும்.

கடுக்கனையே எடுத்துக்குங்க. கவாத்துக்குப் போகும் முன் தினமும் அவள் அதைக் கழற்றி முந்தானையில் முடிகிறாள், சாயங்காலம் திரும்ப மாட்டுகிறாள். 9ஆம் தேதி இரவு அவன் வீட்டுக்கு வரவில்லை. முடிச்சு அவிழாமலே கிடக்கிறது. ஆணை என்ன சொன்னது என்று தனியாக ஒரு பத்தி எழுதத் தேவையே இருக்காது.

திணைமயக்கம்:
மேலே சொன்னதோடு இன்னொன்று. அகத்திணையில், அதாவது காதலைப் பாடும் பாட்டில், காதலர் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்துவிட்டால் பாட்டு, போரையும் அரசையும் பாடும் புறத்துக்குப் போய்விடும். திப்புவின் பிள்ளைகள், புரட்சியை அடக்கிய கில்லஸ்பி எல்லாம் பெயரோடு புறத்தில் நிற்கட்டும். இந்த இருவருக்கும் பெயரே வைக்காதீர்கள்.

சாமி விஷயத்துக்கும் அங்கேயே விடை உண்டு. உள்ளுறை உவமம் என்றால் சொல்ல வந்ததை வேறொரு காட்சிக்குள் மறைத்து வைப்பது. அதற்குக் கருப்பொருளில், அதாவது அந்த நிலத்துக்குரிய பொருள்களில், தெய்வத்தைத் தவிர மற்றவற்றைத்தான் எடுக்கணும். பூ, மீன், எருமை, தண்ணீர் எதுவும் ஆகும், தெய்வம் ஆகாது. தெய்வமே வந்து நின்றால் உள்ளே மறைக்க என்ன மிச்சம்? தவிர 1806இல் ஜலகண்டேஸ்வரர் கோயில் வழிபாடு இல்லாத கோயில், லிங்கம் திரும்ப வந்தது 1981இல்தான். நம்ம ஊர்ச் சொலவடையில் 'சாமியில்லாக் கோயில்' என்று வருமே, அதுதான். அந்த வெற்றுக் கருவறை உங்கள் உபதேசத்தைவிடப் பலமானது.

செய்முறை சொல்கிறேன். பூக்காரி மிஞ்சிய பூவை அகழியில் கொட்டுவாள். முதல் தடவை அது மிதந்து சுவரோரம் ஒதுங்கும், அவ்வளவுதான். இரண்டாம் தடவை காற்றுக்கு எதிரே நகரும். மூன்றாம் தடவை, புரட்சி அடங்கிய மறுநாள், கொட்டிய பூ கல் மாதிரி மூழ்கும். மூன்று இடத்திலும் விளக்கம் ஒரு சொல் வரக் கூடாது. 'அது ஆன்மாவைப் போல' என்று எழுதினீர்களோ, போச்சு.

அகழிக்கரை:
நன்றிங்க. ஆனால் சாமியை ஒரு தடவையாவது காட்டாமல் விட மனசு வரவில்லை.

கட்டியக்காரன்:
காட்டலாமே! சாமியை வாசலிலேயே திருப்பி அனுப்பினதில் எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளுறையில் வராதவர் கதைக்குள் வரக் கூடாதா என்ன? எப்படி வரணும் என்பதைத் தெருக்கூத்தில் பாருங்க. வேஷம் நேரே சபைக்கு வராது. திரைக்குப் பின்னால் முதலில் பாட்டு, சலங்கை, அப்புறம்தான் முகம். வந்ததும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் 'யாருய்யா நீ?' என்று மடக்குவான். அந்தக் கேலி இருப்பதால்தான் அடுத்து வரும் பக்தி தாங்கும். உங்கள் நாவலில் மதில் காவலுக்கு நிற்கிற ஒருத்தன் ஈரம் சொட்டச் சொட்ட வரும் சாமியைப் பார்த்து 'எந்தப் பட்டாளம்?' என்று கேட்கட்டும்.

இன்னொரு கோளாறு, உங்கள் ஆள் தரிசனத்தை இனாமாக வாங்குகிறான். திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு பாருங்க. அர்ச்சுனன் வேஷக்காரர் படிப்படியாகப் பாடிக்கொண்டே பனைமரம் ஏறி, உச்சிக்குப் போன பிறகுதான் எலுமிச்சம்பழம் கீழே விழும். இவன் என்ன கொடுத்தான்? அவள் பெயரைக் கொடுக்கட்டும். தரிசனம் முடிந்ததும் அந்தப் பெயர் அவன் நினைவில் இல்லை, அதற்குமேல் நாவலிலும் இல்லை. பெயரே வைக்காதீங்க என்றவருக்கும் பாதி சமாதானம்.

பழைய பஞ்சாங்கம்:
பரிசல் மேல் அவ்வளவு ஆசை என்றால் 1805 ஐப்பசிக்கு நகர்த்துங்க. அடைமழைக் காலம், ஆற்றில் தண்ணீர் எதிர்பார்க்கலாம். அந்த நவம்பர் முதல் வாரத்தில் பௌர்ணமியும் இருக்கு. காதில் கடுக்கனோடு அவனைக் காட்ட அதுதான் ராத்திரி.