கார் ரிமோட் பதியவே மாட்டேங்குது, அவசரம்!

டல்லாஸ்வாசி:
ஃபோர்டு எஸ்கேப். ஒரு ரிமோட் தொலைஞ்சு போச்சு, ஆன்லைன்ல புதுசு வாங்கினேன். வீடியோல காட்டின மாதிரியே சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன், ஒண்ணும் நடக்கல. நாளைக்குக் காலைல கிளம்பணும். யாராவது சொல்லுங்களேன்.

நிலா77:
எந்த வருஷ வண்டி? ரிமோட் தனியா இருக்கா, சாவியோட தலையிலயே இருக்கா?

கொங்குராஜா:
பேட்டரியாதான் இருக்கும். புது ரிமோட்ல வர்ற பேட்டரியை நம்பவே கூடாது. சிஆர் 2032 புதுசு போடுங்க, பிளஸ் பக்கம் பார்த்து.

ஸ்பேனர்:
ரிமோட்டுக்குப் பின்னாடி இருக்கிற எஃப்சிசி எண் (அமெரிக்க ரேடியோ அனுமதி எண்) பழைய ரிமோட்டோட ஒத்துப்போகுதா? இந்த மாதிரி அமெரிக்க வண்டி ரிமோட்டுக்கு அலைவரிசை பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். 433 வாங்கியிருந்தா தலைகீழா நின்னாலும் பதியாது.

டல்லாஸ்வாசி:
2009. ரிமோட் தனி. எண் அதேதான். பேட்டரி மாத்திட்டேன்.

சாவிக்கொத்து:
வண்டியோட கையேட்டுலயே இருக்கு. அதைத் திறக்காம வீடியோ பார்த்தா இப்படித்தான். கதவெல்லாம் சாத்தி அன்லாக் பண்ணிக்கோங்க, பிரேக்ல கால் வேண்டாம். சாவியை ஆஃப்லேர்ந்து ஆனுக்கு 10 விநாடிக்குள்ள 8 தடவை திருப்பணும். எட்டாவது ஆன்ல நிக்கணும், ஸ்டார்ட்டுக்குப் போயிடக் கூடாது. கதவு தானா பூட்டித் திறந்தா, 20 விநாடிக்குள்ள ரிமோட்ல ஏதாவது ஒரு பட்டனை அமுக்குங்க. திரும்பப் பூட்டித் திறந்தா பதிஞ்சாச்சு. அப்புறம் ஆஃப். வரலன்னா 10 விநாடி விட்டு முதல்லேர்ந்து.

ஸ்பேனர்:
முக்கியமானதை விட்டுட்டீங்களே. இப்படிப் பதியும்போது பழைய பதிவெல்லாம் அழிஞ்சிடும். கையில இருக்கிற பழைய ரிமோட்டையும் அதே சுத்துல, ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே பதியணும். தொலைஞ்சதை யாராவது எடுத்திருந்தாலும் இனி அது திறக்காது.

கொங்குராஜா:
எல்லாம் அழிஞ்சா வண்டி ஸ்டார்ட் ஆகுமா? ரிஸ்க் எடுக்காதீங்க, டீலர்கிட்டயே போங்க.

சாவிக்கொத்து:
அடிப்படையே தப்பு. ஸ்டார்ட் பண்ண விடுறது சாவித் தலைக்குள்ள இருக்கிற சிப். அதுக்கு பேட்டரியே கிடையாது, ரிமோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

கொங்குராஜா:
சாவியும் ரிமோட்டும் ஒண்ணா வர்ற மாடல்ல?

சாவிக்கொத்து:
ஒரே கூட்டுக்குள்ள இருந்தாலும் ரெண்டையும் தனித்தனியாத்தான் பதியணும்.

நிலா77:
ராஜா கேட்டது நியாயமான கேள்விதான், அதட்ட வேண்டாமே. சிப் சாவின்னா, ஏற்கெனவே பதிஞ்ச 2 சாவி கையில இருந்தா மூணாவதை நாமே சேர்த்துக்கலாம். ஒண்ணுதான் இருக்குன்னா வண்டியோட கம்ப்யூட்டர்ல மாட்டுற ஸ்கேன் கருவி வேணும். அதுல எல்லாச் சாவியையும் அழிச்சிட்டுப் பதிஞ்சா, குறைஞ்சது 2 சாவி பதிஞ்சாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். அதனால ஒரே சாவியோட ஓட்டுறவங்க இப்பவே இன்னொண்ணு வாங்கி வச்சுக்கோங்க.

டல்லாஸ்வாசி:
எட்டாவதை ஆஃப்ல முடிச்சிட்டிருந்தேன். இப்ப ரெண்டு ரிமோட்டும் பதிஞ்சிருச்சு. எல்லாருக்கும் நன்றி.