முழு நைட் வாரத்தில் எத்தனை மணிக்குச் சாப்பாடு?

பல்லடத்துக்காரி:
எங்க வீட்டுக்காரர் நூல் மில்லில் ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் மெஷின்) பார்க்கிறார். வயது 46. பகல் ஷிப்ட் 8 முதல் 4, அரை நைட் 4 முதல் 12, முழு நைட் 12 முதல் காலை 8. வாரா வாரம் மாறும்.

முழு நைட் வாரம்தான் சிக்கல். இரவு 10.45-க்கு சோறு, குழம்பு, பொரியல் என்று வயிறு முட்டச் சாப்பிட்டுக் கிளம்புவார். 3 மணிக்கு கேன்டீனில் போண்டா, சர்க்கரை தூக்கலாக டீ. காலை வந்ததும் ஆறு இட்லி, தேங்காய்ச் சட்னி. கை ஈரம் காய்வதற்குள் படுத்துவிடுவார். மதியம் 3-க்கு எழுந்தால் நெஞ்செரிச்சல், பசியே இருக்காது. அதனால் மறுபடியும் ராத்திரிதான் பெரிய சாப்பாடு.

மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 வந்திருக்கிறது. இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் எல்லைக்கு வந்துவிட்டார், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். எந்த நேரத்துக்கு? கையில் கொடுத்த தாளில் காலை 8, மதியம் 1, இரவு 8 என்று இருக்கிறது. மதியம் 1 மணி அவருக்கு நடுராத்திரி. எழுப்பிச் சோறு போடுவதா?

ஈரோடு நர்ஸ்:
எழுப்பாதீங்க அக்கா. தூக்கம் கெட்டாலும் சர்க்கரை ஏறும். நானும் நைட் டூட்டி பார்ப்பவள்தான்.

ராத்திரியில் இன்சுலின் பகலைப் போல வேலை செய்யாது. மதியம் சாப்பிடும் அதே தோசையை நள்ளிரவுக்கு மேல் சாப்பிட்டால் சர்க்கரை கூடுதலாக ஏறும். அதனால் பெரிய சாப்பாட்டைப் பகலுக்குத் தள்ளுங்கள். 3 மணிக்கு எழுந்து முகம் கழுவியதும் அதுதான் அவருக்கு மதியச் சாப்பாடு: அளவாகச் சோறு, பருப்பு, தட்டில் பாதிக்குக் காய். இரவு 8-க்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அளவாக டிபன். ஷிப்டுக்கு நடுவில் சுண்டலோ அவித்த முட்டையோ போதும். காலையில் இரண்டு இட்லி, சாம்பார். வெறும் வயிற்றோடு படுத்தால் பாதித் தூக்கத்தில் பசி எழுப்பிவிடும். அதற்காக ஆறு இட்லி தின்று அப்படியே சாய்ந்தால் நெஞ்செரிச்சல் வரத்தான் செய்யும். அந்த இரண்டு இட்லியை முதலில் சாப்பிட்டுவிட்டு, குளியல், பேப்பர் எல்லாம் முடித்துப் படுக்கட்டும்.

பழைய மில்காரர்:
நர்ஸம்மா சொல்வது சரி. ஆனால் கேன்டீனை ஜெயிக்க டப்பா வேண்டும் தாயி. 3 மணிக்குக் கண் சொக்கும்போது எண்ணெய்ப் பலகார வாசம் வந்தால் எவன் கையும் நிற்காது. கொள்ளையோ தட்டைப்பயறையோ வேக வைத்து, கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கொஞ்சம் தாராளமாகவே கட்டிக் கொடுங்கள். பக்கத்து மெஷின்காரரும் கை நீட்டுவார். ஒரு பாட்டில் நீர்மோரும் வையுங்கள், ராத்திரி முழுக்க அந்தச் சூட்டில் நடக்கிற ஆள். 4 மணிக்கு மேல் டீ வேண்டாம், காலைத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

பல்லடத்துக்காரி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. எழுந்ததும் பெரிய சாப்பாடு என்பது இதுவரை தோன்றவே இல்லை. அரை நைட் வாரத்துக்கு என்ன செய்ய? 12.30-க்கு வந்து சுடச்சுடச் சோறு கேட்பார். நானும் விழித்திருந்து போடுவேன்.

ஈரோடு நர்ஸ்:
அந்த வாரம் மதியம் வழக்கம்போல நன்றாகச் சாப்பிடட்டும். இரவு 8 மணி இடைவேளைக்கு டிபன் கேரியர் கொடுத்துவிடுங்கள், அரிசியும் பருப்பும் சாதம், கீரை மாதிரி. 12.30-க்கு ஒரு டம்ளர் மோர் போதும். அதை மூடி வைத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள் அக்கா. நாளைக்கு அவருக்கு மாத்திரை ஆரம்பித்தால், ஷிப்ட் மாறும் விவரத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்லி, ஒவ்வொரு வாரமும் எந்த வேளைக்குப் போடுவது என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.