4×6 தாளில் எட்டுப் படம்: கிம்ப் தெரிந்தவர்கள் உதவுங்கோ

அண்ணாமார், அக்காமார், கொக்குவிலில் சின்னதாக ஒரு ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போட் அளவுப் படங்களை (35×45 மில்லிமீற்றர்) 4×6 அங்குலத் தாளில் நாலு நாலாக இரண்டு வரிசையில் கிம்ப் என்ற இலவசப் படத் திருத்த மென்பொருளில் அடுக்குகிறேன். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு படம் 413×531 பிக்சல், தாள் 1800×1200. கணக்குச் சரி. ஆனால் பிறின்ற் எடுத்தால் எல்லாப் படமும் கொஞ்சம் பெருத்து வருகிறது. ஓரமில்லாமல் அடிக்கும்போது பிறின்ரரே படத்தை இழுத்துப் பெருப்பிக்கும் என்பது தெரியும். ஓரம் விட்டு அடித்தால் அளவு சரிவரும், ஆனால் இடைவெளி குறைந்து வெட்டுவது கஷ்டம். அந்த இழுப்பைக் குறைக்க பிறின்ரர் செட்டிங்கில் எதை மாற்ற வேணும்?

அப்புறம், போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் பிக்சர் பக்கேஜ் என்று ஒன்று இருந்ததே, அதுபோலத் தானாக அடுக்கித் தரும் பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்) கிம்புக்கு உண்டா? ஒவ்வொரு முகத்துக்கும் எட்டு லேயரை இழுத்து வைக்க அலுக்குது.