புல்லட் 350: கழற்றிய பந்தய கேமையும் வால்வு ஸ்பிரிங்குகளையும் குறைந்த செலவில் பொருத்தலாமா?

மலையேறும் புல்லட்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1998ஆம் ஆண்டு புல்லட் ஸ்டாண்டர்ட் 350 இருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின், மிக்கார்ப் கார்புரேட்டர். போர் செய்து பிஸ்டனும் ரிங்கும் மாற்றிய பின் பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. நான் பொள்ளாச்சிக்காரன். மாதம் இருமுறையாவது வால்பாறைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், பின்னால் ஓர் ஆள் அமர்ந்துவிட்டால் வண்டி மிகவும் திணறுகிறது.

கோவையில் டிராக் பந்தயத்துக்காகக் கட்டிய ஒரு புல்லட்டைப் பிரித்து விற்பவரிடம் வால்வுகளைத் திறக்கும் இன்லெட் (கலவை உள்ளே வரும் பக்கம்), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பக்கம்) கேம்கள் இரண்டும், உள்ளும் வெளியுமாக நான்கு வால்வு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,500 ரூபாய் கேட்கிறார். என்னிடம் மொத்தமாக 8,000 ரூபாய்தான் இருக்கிறது. இவற்றை வாங்குவது சரியா? வாங்கினால் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பட்டறை வாசல்:

வணக்கம் தம்பி. கேமையும் ஸ்பிரிங்கையும் ஒரே பொட்டலமாகப் பார்க்காதீர்கள். கழற்றிய கேமைச் சில நிபந்தனைகளோடு வாங்கலாம்; கழற்றிய ஸ்பிரிங்கை, அதுவும் பந்தயத்தில் ஓடியதை, இலவசமாகக் கொடுத்தாலும் நான் மாட்ட மாட்டேன்.

முதல் நிபந்தனை டாப்பெட், அதாவது கேமின் அசைவை வாங்கி மேலே வால்வுக்கு அனுப்பும் துண்டு. நம் எஞ்சினில் டாப்பெட்டின் தட்டையான அடிப்பாகம் கேமின் மேல் நேரடியாக உரசிச் செல்கிறது. ஓடிய கேமும் அதன் டாப்பெட்டும் ஒன்றின் மேல் ஒன்று தேய்ந்து ஒரு ஜோடியாகப் பழகியிருக்கும். அந்தக் கேமை மட்டும் வாங்கி உங்கள் வண்டியின் பழைய டாப்பெட்டுகள் மேல் ஓட்டினால், இரண்டு தேய்மானங்களும் பொருந்தாமல் மேல்தோல் பெயர்ந்து, அந்த இரும்புத்தூள் எண்ணெயோடு பம்புக்கும், கனெக்டிங் ராடின் கீழ்முனையான பிக் எண்டுக்கும் போய்ச் சேரும். எனவே எது இன்லெட், எது எக்ஸாஸ்ட் என்று குறித்து வைத்த டாப்பெட்டுகளோடு தந்தால் வாங்குங்கள்; இல்லையெனில் புதிய டாப்பெட்டுகளின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேமைக் கையில் எடுத்ததும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்து, துருத்தி நிற்கும் மூக்குப் பகுதியின் மேல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண்ணாடிபோல் வழுக்கிச் சென்றால் நல்லது. நகம் ஓரிடத்தில் தட்டினாலோ, அம்மைத் தழும்புபோல் சிறு குழிகள் தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கேம்களோடு இணைந்த பல்சக்கரங்களை உங்கள் எஞ்சினின் ஸ்பிண்டில்களில் (அவை சுழலும் அச்சுகளில்) மாட்டிக் கையால் சுழற்றிப் பாருங்கள். பல்லிடைவெளி இறுக்கமாக இருந்தால் ஓடும்போது ஊளையிடும். தளர்வாக இருந்தால் கடகடக்கும். வேறொரு வண்டியில் அமைதியாக ஓடிய சக்கரம் உங்கள் வண்டியிலும் அப்படியே ஓடும் என்று சொல்ல இயலாது.

ஸ்பிரிங்கைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. புதிய ஸ்பிரிங் ஒன்றையும் அதே வகைப் பழையது ஒன்றையும் நடுவில் ஒரு தட்டையான வாஷர் வைத்து, முனைக்கு முனையாக வைஸில் பிடித்து இறுக்குங்கள். பழையது சோர்ந்திருந்தால் முதலில் அதுதான் அமுங்கும். என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் பார்வைக்குப் புதிதுபோலிருந்த ஸ்பிரிங், புதியது பாதி அமுங்குவதற்குள் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டது. இறுக்கும்போது முகத்தை நேராகக் காட்டாதீர்கள், நழுவினால் தெறிக்கும்.

லேத்துமேடை:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கேம் உங்கள் தேவைக்கு உரியதுதானா என்பது.

டிராக் கேம் இன்லெட் வால்வை அதிக நேரம் திறந்து வைத்து, பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகு தாமதமாகவே மூடும். வேகமான சுழற்சியில், உள்ளே பாயும் கலவை தன் உந்துவிசையால் தொடர்ந்து வந்து சிலிண்டரை நிரப்புவதால் அது பயன்படுகிறது. மெதுவான சுழற்சியிலோ, உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போய்விடும். உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் (கலவை அமுக்கப்படும் விகிதம்) ஏற்கெனவே குறைவுதான், அதிலும் இழப்பு ஏற்பட்டால், கொண்டை ஊசியில் இரண்டாம் கியரில் திரும்பி ஏறும் அந்தக் கணத்தில் வண்டி இப்போது இருப்பதைவிட மோசமாகத் திணறும்.

அதிக ஆர்.பி.எம்.மில் ஓட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) 90 மி.மீ. என்பதை மறக்க வேண்டாம். நிமிடத்துக்கு 5,500 சுழற்சியிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர். 6,500 என்றால் 19.5 மீட்டர். ரோலர் பேரிங்குக்குப் பதிலாக புளோட்டிங் புஷ்ஷில் (தானும் சுழலும் உலோக வளையத்தில்) ஓடும் அந்தப் பிக் எண்டிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

எப்படியும் பொருத்துவதென்று முடிவு செய்தால், ஹெட்டை மூடுவதற்கு முன் பிஸ்டன் தலையில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை அப்பி, சிறிது எண்ணெய் தடவி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முடுக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பிறகு திறந்து, வால்வு பதிந்த இடத்தை பிளேடால் வெட்டி அளக்க வேண்டும். இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். வால்வு முழுவதும் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுற்றுகளுக்கிடையே மொத்தமாக 1.5 மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறதா என்பதையும், ஸ்பிரிங்கின் மேல் தொப்பி வால்வு கைடில் (வால்வுத் தண்டு ஓடும் குழலில்) இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மலையேறும் புல்லட்:

இருவருக்கும் நன்றி. நேற்று நேரில் சென்று பார்த்தேன். டாப்பெட்டுகள் இருந்தன, ஆனால் எது எதற்குரியது என்ற குறி இல்லை. இன்லெட் கேம் வழுவழுப்பாக இருந்தது. எக்ஸாஸ்ட் கேமின் மூக்கில் நகம் தெளிவாகத் தட்டியது. வைஸ் சோதனைக்குப் புதிய உள், வெளி ஸ்பிரிங்குகளை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நான்கில் மூன்று பழைய ஸ்பிரிங்குகள் முதலில் அமுங்கிவிட்டன. விற்பவரே சிரித்துவிட்டார். வாங்காமல் திரும்பிவிட்டேன். இந்த 8,000 ரூபாயில் வேறு என்ன செய்யலாம்?

பட்டறை வாசல்:

கம்பெனி அளவிலேயே புதிய வால்வு ஸ்பிரிங் செட், வால்வு கைடு ஆட்டம் பார்த்தல், வால்வு லேப்பிங் (வால்வைத் தேய்த்துக் கசியாமல் பொருந்தவைத்தல்), கார்புரேட்டரில் தேய்ந்த ஊசியும் நீடில் ஜெட்டும் மாற்றுதல், இவ்வளவும் செய்யுங்கள். ஹெட்டைத் திறந்ததும் லேப்பிங்குக்கு முன்பே இரண்டு போர்ட்டிலும் (கலவையும் புகையும் போகும் வழிகளில்) பெட்ரோல் ஊற்றி, வால்வு கசிகிறதா என்று பாருங்கள். திணறலுக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். மூடிய பிறகு, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி டாப்பெட்டைச் சரிசெய்யுங்கள். டாப்பெட்டிலிருந்து மேலே செல்லும் தண்டான புஷ் ராட் விரலால் உருட்டினால் சுழல வேண்டும். மேலும் கீழும் சிறிதும் ஆடக் கூடாது.

லேத்துமேடை:

ஒன்றைச் சேர்க்கிறேன். மலைக்குத்தான் அதிகம் போகிறீர்கள் என்றால், முன் ஸ்பிராக்கெட்டில் (செயினை இழுக்கும் பல்சக்கரத்தில்) ஒரு பல் குறைத்துப் பாருங்கள். சமவெளியில் எஞ்சின் சற்றுக் கூடுதலாகச் சுழலும்; வளைவுகளில் ஏறும் இழுவை கூடும். செலவும் மிகக் குறைவு, பிடிக்கவில்லை என்றால் பழையதையே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.