ஹைலக்ஸ் 4×4: கல் அடித்து ஆயில் சேம்பரில் விரிசல், வெல்டிங்கா புதுசா?

மலைரோடு_டீசல்:
2022 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.8 லிட்டர் டீசல், 4×4. எஸ்டேட் ரோட்டில் கல் அடித்து ஸ்கிட் பிளேட் (வண்டி அடியில் இருக்கிற காப்புத் தகடு) உள்ளே மடங்கிடுச்சு. ஆயில் சேம்பரில் (இன்ஜின் அடியில் ஆயில் நிக்கிற தொட்டி), ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டை ஒட்டி மூணு நாலு செ.மீ. நீளத்துக்கு மயிரிழை விரிசல். நிமிஷத்துக்கு அஞ்சாறு சொட்டு ஆயில் விழுது. டிப் ஸ்டிக்கில் கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கியாச்சு. இன்ஜின் ஆஃப்ல இருக்கு. கராஜ் 28 கி.மீ. தள்ளி. எம்-சீல் அடிச்சு ஓட்டிடலாமா? வெல்டிங் நிக்குமா? முன் கிரவுனை (முன் அச்சின் டிஃபரன்ஷியல்) இறக்காம சேம்பரைக் கழட்ட முடியுமா?

ஸ்பானர்_14:
ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆயில் பிரஷர் போனா முதல்ல அடி வாங்குறது டர்போ, அடுத்து கிராங்க் பேரிங். ஆயில் பிரஷர் விளக்கு எரிஞ்ச பிறகு நிறுத்தினாலும் பல நேரம் தாமதம்தான். பிளாட்பெட் (வண்டியை மேலே ஏத்திக்கிட்டுப் போற லாரி) வரவழைங்க. கயிறு கட்டி இழுக்கிறதா இருந்தா 2எச்சில் (பின் சக்கர டிரைவ் மட்டும்) போட்டு, கியரை நியூட்ரலில் விடுங்க. இன்ஜின் ஓடலைன்னா ஸ்டேரிங்கும் பிரேக்கும் கல்லு மாதிரி இருக்கும், மலை இறக்கத்தில் அது விளையாட்டு இல்ல.

எம்-சீல் ஆயில் கசியுற இடத்தில் ஒட்டாது. டீசல் டேங்கில் சோப்பைத் தேய்ச்சு அடைக்கிற வித்தையும் இங்கே செல்லாது, சூடான ஆயில் அதைக் கரைச்சு விட்டுடும்.

வேற எதுக்கும் முன்னாடி ஒரு காந்தத்தை விரிசல் பக்கத்தில் வைங்க. இந்த இன்ஜினில் சேம்பர் ரெண்டு துண்டு: மேலே வார்ப்பு அலுமினியம், கீழே அழுத்தி எடுத்த இரும்புத் தகடு. காந்தம் பிடிச்சா கீழ்த்தகடு, பெரும்பாலும் கிரவுனைத் தொட வேண்டியிருக்காது. பிடிக்கலைன்னா மேல் சேம்பர். அதுக்கு கிரவுன் இறங்கணும், ஒரு நாள் வேலை. இன்னொண்ணு, காத்து ஆயிலைப் பின்னாடி தள்ளும். கசிவு தெரியுற இடமும் விரிசலும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்சு, டால்கம் பவுடர் தூவிப் பாருங்க. எங்கே முதல்ல நனையுதோ அதுதான் இடம்.

மலைரோடு_டீசல்:
காந்தம் பிடிக்குது. டிரெயின் போல்ட் நட்டை வெல்டு பண்ணியிருக்கிற ஓரத்தில்தான் கோடு. தகடும் ஒரு செ.மீ. அளவுக்கு உள்ளே ஒடுங்கியிருக்கு. புதுத் தகடு வர நாளாகும்னு சொல்றாங்க. பிரிச்சு வெல்டு வைக்கலாமா?

லேத்_பட்டறை:
அதே தகடை வெல்டு வைக்கலாம், ஆனா வண்டியில் வச்சு இல்ல. உள்ளே ஆயில் ஆவி இருக்கு, எலெக்ட்ரானிக்ஸும் இருக்கு. கழட்டி, ஒடுக்கத்தை மரக்கட்டை வச்சுத் தட்டி எடுத்துட்டு, விரிசலோட ரெண்டு முனையிலும் 2 மி.மீ. ஓட்டை போட்டாத்தான் கோடு மேல ஓடாது. தகடு மெல்லிசு, ராட் வெல்டிங் ஓட்டை விழுத்திடும். ஆர்கான் வெல்டிங்கில் (டிக்) குட்டிக் குட்டியா வைக்கச் சொல்லுங்க. நட்டை முதல்ல டிரெயின் போல்ட்டோட மாட்டி வச்சுட்டுத்தான் சூடு காட்டணும், இல்லைன்னா மரை கோணிடும்.

டெஸ்ட் முக்கியம். வெளிப்பக்கம் சாக்பீஸ் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊத்தி அரை மணி நேரம் வைங்க. ஊசிமுனை கசிவு இருந்தாலும் சாக்பீஸில் கறை காட்டிக் கொடுக்கும்.

அலுமினிய சேம்பரா இருந்தா கதை வேற. வார்ப்பு பல வருஷம் ஆயிலைக் குடிச்சிருக்கும். சூடு காட்ட காட்ட அது வியர்க்கும், துடைக்கணும், மறுபடி சூடு காட்டணும். வியர்க்கிறது நிக்கிறதுக்கு முன்னாடி வெல்டு வச்சா உள்ளே பூரா குமிழ்தான். அப்புறம் வி வடிவத்தில் கீறி, 4043 ராடு (அலுமினியத்துக்கான நிரப்புக் கம்பி), ஏசி கரன்ட்டில் ஆர்கான். விளிம்பு வளையாம இருக்க ஒரு தடிச்ச இரும்புத் தட்டில் போல்ட் போட்டு இறுக்கி வச்சுத்தான் வேலை. விரிசல் போல்ட் ஓட்டை வரைக்கும் போயிருந்தா வெல்டில் காசைக் கொட்டாதீங்க.

ஸ்பானர்_14:
என் ஓட்டு புதுத் தகடுக்குத்தான், வெல்டு அது வரும்வரைக்கும். ஆனா இப்படிப் பிரிக்கிறதிலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க:

உள்ளே ரப்பர் பேக்கிங் கிடையாது, லிக்விட் சீலன்ட்தான் பிடிச்சிருக்கு. போல்ட் எல்லாம் கழட்டினாலும் தகடு வராது. ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினா அலுமினிய முகம் கீறிடும், அந்தக் கீறலில்தான் அடுத்த கசிவு. மெல்லிசான பட்டி பிளேடை மூலையில் தட்டி நுழைச்சு, பக்கவாட்டில் சுத்தியால் தட்டிக்கிட்டே விளிம்போட போங்க.

பழைய பசையை அலுமினியப் பக்கம் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுங்க, எமரி வேண்டாம். தூள் சேம்பருக்குள்ளே விழுந்தா பம்ப் இழுத்துக்கும். அசிட்டோனில் நனைச்ச வெள்ளைத் துணியில் கறுப்பு வராத வரைக்கும் துடைங்க.

சீலன்ட் 3 மி.மீ. தடிப்பு, ஒரே கோடா, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா. ஜாஸ்தி வச்சா நல்லதுன்னு நினைக்க வேண்டாம். உள்ளே பிதுங்கி அறுந்த துண்டு நேரா ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை இழுக்கிற குழாய் வாய்) வலையில் போய் ஒட்டும். கோடு போட்டு மூணு நிமிஷத்துக்குள்ளே மாட்டிடணும், தோல் கட்டினா பிடிக்காது. சின்ன எம்6 போல்ட்டுகள், நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமா ரெண்டு சுத்து, 10 நியூட்டன் மீட்டர் அளவில் நிறுத்துங்க. கை பலத்தில் இறுக்கினா அலுமினிய மரை கையோட வந்திடும். குறைஞ்சது 2 மணி நேரம் கழிச்சு ஆயில். ராத்திரி முழுக்க விட்டா இன்னும் நல்லது.

பழைய_ஃபோர்மேன்:
ஒடுக்கத்தை யாரும் பெரிசா எடுத்துக்கலையே. சேம்பர் அடியில் ஸ்ட்ரெய்னர் வாய் விரல் நுழையுற இடைவெளியில்தான் நிக்கும். தகடு உள்ளே வந்தா வாய் மூடிக்கும், இல்லை குழாய் வளைஞ்சு பேக்கிங்கில் காத்து இழுக்கும். அப்போ சேம்பர் நிறைய ஆயில் இருந்தும் பிரஷர் வராது. தட்டி எடுத்த தகடைப் போடுறதா இருந்தா, குழந்தைங்க விளையாடுற களிமண்ணை ஒரு உருண்டை ஸ்ட்ரெய்னருக்கு நேரா வச்சு, சீலன்ட் இல்லாம ஒரு தடவை மாட்டிக் கழட்டுங்க. நசுங்கின உயரம்தான் இடைவெளி. அடிபடாத பக்கத்தோட ஆழத்தையும் அளந்து ஒப்பிடுங்க. ஸ்ட்ரெய்னர் பேக்கிங்கும் டிரெயின் வாஷரும் புதுசு.

ஃபில்டரோட சேர்த்து 7.5 லிட்டர். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற சைலன்சர் ஃபில்டர்) இருக்கிற வண்டி, அதனால் குறைந்த சாம்பல் ஆயில் மட்டும். முதல் ஸ்டார்ட்டில் பிரஷர் விளக்கு சில நொடியில் அணையணும், அணையலைன்னா உடனே ஆஃப். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீங்க. ஆயில் குறைஞ்ச பிறகும் வண்டி ஓடியிருந்தா பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்க, மடிப்பில் மின்னுற தூள் இருந்தா பேரிங் பார்க்காம ஓட்டக்கூடாது.

மடங்கின ஸ்கிட் பிளேட்டை நிமிர்த்தாம திருப்பி மாட்டாதீங்க, அடுத்த கல்லு அதை வச்சே புதுத் தகடை இடிக்கும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸுக்குச் சொல்லி, கல்லையும் கசிவையும் சேர்த்துப் போட்டோ எடுத்துடுங்க. சேம்பர் உடைஞ்சது விபத்துக் கணக்கில் வரும். அதுக்கப்புறம் ஓட்டி இன்ஜின் பிடிச்சுக்கிட்டா தொடர் சேதம்னு சாதாரண பாலிசியில் தள்ளிடுவாங்க, இன்ஜின் புரொடெக்ட் (இன்ஜின் சேதத்துக்கான கூடுதல் கவர்) எடுத்திருக்கீங்களான்னு பாலிசியைப் புரட்டிப் பாருங்க.

மலைரோடு_டீசல்:
பிளாட்பெட்டுக்குச் சொல்லியாச்சு, நாளைக் காலையில் வருது. அதுவரைக்கும் அடியில் ஒரு தட்டு வச்சிருக்கேன். டிரெயின் போல்ட்டும் வாஷரும் தகடோட சேர்ந்து வருமா, தனியா ஆர்டர் போடணுமா?

ஸ்பானர்_14:
தனியாவே போட்டுடுங்க, சீலன்ட் டியூபையும் சேர்த்து. வாஷர் ரெண்டு வாங்குங்க.