தகேதா குலத் தளபதிகள்: எப்படி வரிசைப்படுத்துவது?

நண்பர்களே, 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானின் போர்த்தலைவர் தகேதா ஷிங்கெனிடம் இருந்த 24 முக்கியத் தளபதிகளுக்கு ஓர் அட்டவணை போட உட்கார்ந்தேன், பாதியில் மாட்டிக்கொண்டேன். பிற்கால எடோ காலத்து (1603–1868) ஓவியங்களில் இந்த 24 பேரையும் கவசத்தோடு ஒரே படத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆனால் ஷிங்கெனின் தம்பி நோபுஷிகே 1561-லேயே கவானகஜிமா போரில் இறந்துவிட்டார். யமகதா, பாபா, நைத்தோ என்ற மூன்று தளபதிகளும் 1575-இல் நாகஷினோ போரில் விழுந்தார்கள், அதுவும் ஷிங்கென் இறந்து இரண்டு வருடம் கழித்து. அப்போது கைசு கோட்டையைக் காத்துக்கொண்டிருந்த இன்னொரு தளபதி கோசகா தப்பினார் (அவரும் 1578-இல் போய்விட்டார்).

சரி, இவர்களை இறந்த ஆண்டுப்படி அடுக்குவதா, இல்லை குடும்பத்தார், பரம்பரை ஊழியர், சனதா குடும்பத்தார் மாதிரி வெளியிலிருந்து சேர்ந்தவர் என்று பிரிப்பதா? பிரித்தால் விவசாயி வீட்டிலிருந்து வந்த கோசகாவை எதில் போடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.